துணையுடன் பெருநகரப் பயணம்: முதல் நாளுக்கான முழுமையான வழிகாட்டி

பெருநகரம் ஒன்றுக்கு இருவராகச் செல்பவர்கள் முதல் நாளையும் மற்ற நாள்களைப் போலவே பார்க்க வேண்டிய இடங்களால் நிரப்பிவிடுகிறார்கள். தடுமாற்றங்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்குகின்றன. முதல் நாளுக்கென்று தனி வேலைகள் உள்ளன: பெட்டிகளைத் தங்குமிடத்தில் சேர்ப்பது, இருவர் கைப்பேசியிலும் இணையம் கிடைக்கச் செய்வது, ஊரின் போக்குவரத்தில் ஏறி இறங்கப் பழகுவது, அந்த ஊரின் இரவில் உறங்குவது, இவற்றுக்கிடையே இருவரும் சேர்ந்து முடிவெடுக்கும் முறையை ஒழுங்குக்குக் கொண்டுவருவது. இவ்வளவும் முடிந்த பிறகு மாலையில் மிஞ்சும் நேரமே ஊர் பார்ப்பதற்கு உரியது.

வரிசைக்குக் காரணம் உண்டு. இணையம் இல்லாமல் வழி தேட முடியாது. வழி தெரியாமல் வண்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது. பெட்டிகளை இறக்காமல் எதையும் நிதானமாகச் செய்ய முடியாது. ஆகவே கீழுள்ள படிகளை இடம் மாற்றாமல் பின்பற்றுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு மட்டும் பொருந்துபவை அந்தந்த இடத்திலேயே அப்படிக் குறிக்கப்பட்டுள்ளன.

1. புறப்படுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

முதல் நாள் மாலையில் இருவருக்கிடையே எழும் மனத்தாங்கல் எந்த உணவகத்துக்குப் போவது என்பது போன்ற அற்பமான கேள்வியில் வெடித்தாலும், அதன் வேர் பெரும்பாலும் புறப்படும் முன் சொல்லப்படாமல் விடப்பட்ட எதிர்பார்ப்பில்தான் இருக்கும். கையில் பெட்டியும் வயிற்றில் பசியும் இருக்கும்போது எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிவதில்லை. எனவே குறைந்தது ஒரு வாரம் முன்பு, வீட்டில் அமர்ந்து, சில கேள்விகளுக்கு இருவரும் விடை சொல்லிவிட வேண்டும்.

முதல் கேள்வி: இந்தப் பயணத்தில் எதைத் தவறவிட்டால் வருந்துவீர்கள்? ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பத்து இடங்களின் பட்டியல் இருவருக்கும் பொதுவாக இருக்கலாம். ஆனால் அந்த ஒன்று பெரும்பாலும் வேறுபடும். அது தெரிந்துவிட்டால் நேரம் குறையும்போது எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்பதில் குழப்பம் இராது.

இரண்டாவது, உடலைப் பற்றியது. ஒரே நடையில் எவ்வளவு தொலைவு செல்ல முடியும், காலையில் எத்தனை மணிக்கு எழுவது வழக்கம், பசி தாங்குமா, படிக்கட்டு ஏறுவதில் சிரமம் உண்டா என்பவற்றை வெளிப்படையாகக் கேளுங்கள். பல ஆண்டுகளாகப் பழகியவர்கள்கூட இதைக் கேட்பதில்லை. தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முழங்கால் வலி இருப்பவர் அதைச் சொல்லாமல் வந்து, இரண்டாவது ரயில் நிலையத்தில் மின்தூக்கியைத் தேடி நிற்கும்போதுதான் மற்றவருக்குச் செய்தி தெரிகிறது.

மூன்றாவது, செலவு. என் பரிந்துரை இது: போக்குவரத்தும் உணவும் பொதுப்பணத்திலிருந்து, நுழைவுச்சீட்டுகளும் வாங்கும் பொருள்களும் அவரவர் பணத்திலிருந்து. ஒருவர் வருமானம் மற்றவரை விட மிகக் குறைவு என்றாலோ, பெற்றோரை அழைத்துச் செல்கிறீர்கள் என்றாலோ, யார் எதற்குத் தருவது என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையெனில் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் இருவர் கையும் பணப்பைக்குப் போய்த் தயங்கி நிற்கும்.

நான்காவது, முதல் நாளுக்கான வேலைப் பிரிவினை. ஒருவர் வழி பார்ப்பவர். மற்றவர் ஆவணங்களையும் கவுன்ட்டர்களில் பேசுவதையும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் பார்ப்பவர். நாற்சந்தியில் இருவரும் இரண்டு கைப்பேசிகளில் இரண்டு வரைபடங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வாதிடுவது பெருநகரங்களில் நாள்தோறும் காணக்கூடிய காட்சி. ஒருவர் வழிகாட்டும்போது மற்றவர் அதைச் சரிபார்க்க முயலக் கூடாது. ஐந்து நிமிடம் சுற்றுவழியில் போனாலும் பேசாமல் போவதே நல்லது. மறுநாள் பொறுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவரே தொடர்ந்து வழிகாட்டினால் அவர் களைத்துப்போவார். மற்றவர் ஊரைத் தெரிந்துகொள்ளாமலே திரும்புவார்.

2. கையில் எத்தனை மணி நேரம் உள்ளது என்று கணக்கிடுங்கள்

விமானமோ ரயிலோ வந்து சேரும் நேரத்தை முதல் நாளின் தொடக்கமாகக் கொள்வது பிழை. பெட்டிகளை இறக்கி வைத்த நேரமே உண்மையான தொடக்கம். பன்னாட்டு விமானத்தில் வருபவர்கள் குடிநுழைவு, பெட்டி, சுங்கம் ஆகியவற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒதுக்க வேண்டும். அதன் பிறகு நகருக்குள் செல்லும் பயணம் உள்ளது. விமான நிலையத்தின் பெயரில் நகரத்தின் பெயர் இருப்பதால் அது நகருக்குள்ளேயே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. டோக்கியோவின் நரிட்டா நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி உள்ளது, ஹனேடாவோ மிகவும் அருகில் உள்ளது. பயணச்சீட்டு வாங்கும்போதே எந்த நிலையம் என்று பார்த்துவிடுவது பிற்பாடு இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றும்.

எடுத்துக்காட்டாக, காலை 7 மணிக்குத் தரையிறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 8.30 மணிக்கு வெளியே வருவீர்கள். 10 மணிக்குத் தங்குமிட வாசலில் நிற்பீர்கள். பெரும்பாலான விடுதிகள் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் அறையைத் தருகின்றன. இடையிலுள்ள நான்கைந்து மணி நேரத்தில், குளிக்காமலும் சரியாக உறங்காமலும் இருக்கும் இருவர் என்ன செய்யப் போகிறார்கள் என்பதற்கு விடை முன்பே இருக்க வேண்டும்.

நேரத்தைப் பொறுத்துத் திட்டம் மாறும். விடிகாலையில் வந்து சேருபவர்கள் வசதியிருந்தால் முந்தைய இரவிலிருந்தே அறையைப் பதிவு செய்யலாம். அப்படிச் செய்யும்போது விடிகாலையில்தான் வருவோம் என்று விடுதிக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும், இல்லையெனில் வரவில்லை என்று கருதிப் பதிவை நீக்கிவிடக்கூடும். இரவு 8 மணிக்கு மேல் வந்து சேருபவர்களுக்கு அந்த இரவு முதல் நாளாகாது. உண்டு உறங்குங்கள், இவ்வழிகாட்டியின் பிற்பகுதியை மறுநாள் காலையில் தொடங்குங்கள்.

நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானங்களில் தேதிப் பிழை மிகுதியாக நேர்கிறது. 12-ஆம் தேதி 00.30 மணி என்று சீட்டில் இருந்தால் 11-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். விடுதிப் பதிவின் தேதியையும் வந்து சேரும் ஊரின் தேதியோடு ஒப்பிட்டு, இருவரும் தனித்தனியாகச் சரிபாருங்கள். இந்த ஓர் இடத்தில் இரட்டைச் சரிபார்ப்பு தேவை.

3. முக்கியமானவற்றை இரண்டு தொகுப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள்

இருவராகச் செல்வதன் பெரிய பாதுகாப்பு, ஒருவரிடம் உள்ளது தொலைந்தாலும் மற்றவரிடம் இருக்கும் என்பதே. ஆனால் பலர் பொறுப்பானவர் என்று கருதப்படும் ஒருவரிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்து அந்தப் பாதுகாப்பைத் தாங்களே இழந்துவிடுகிறார்கள். அவருடைய கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தால் விடுதியின் பெயர்கூட மற்றவருக்குத் தெரியாது.

பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டையின் படம், விசா, பயணச்சீட்டு, விடுதிப் பதிவு, பயணக் காப்பீட்டு எண் ஆகியவை இருவர் கைப்பேசியிலும் இணையமின்றித் திறக்கக்கூடிய வகையில் இருக்க வேண்டும். விடுதியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளிலும் எழுதி, இருவரும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் வேறு எழுத்துமுறை வழங்கினால் முகவரி அந்த எழுத்திலும் இருக்கட்டும். டாக்சி ஓட்டுநரிடம் காட்ட அதுவே உதவும்.

வங்கி அட்டைகளில் இரண்டு ஒருவரிடமும் இரண்டு மற்றவரிடமும், முடிந்தால் வெவ்வேறு வங்கிகளுடையவையாக, இருக்க வேண்டும். வெளிநாடு செல்பவர்கள் அட்டையில் பன்னாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்டுள்ளதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் சொந்த ஊர் சிம்முக்கு ஓடிபி வந்தால்தான் அதை வெளிநாட்டிலிருந்து இயக்க முடியும். அந்த சிம்மைக் கழற்றிப் பெட்டியின் அடியில் போட்டவர்கள் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள். செல்லும் நாட்டில் இ-சிம் பயன்படுத்துவது இதனால்தான் வசதி: பழைய சிம் அதன் இடத்திலேயே இருக்கும்.

வரைபடத்தில் ஒரு நுட்பம் உண்டு. கூகுள் மேப்ஸில் ஊரின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நீங்கள் நிற்கும் இடமும் இணையமின்றியே தெரியும். ஆனால் அப்போது கிடைப்பது வாகனம் ஓட்டுவதற்கான வழி மட்டுமே. ரயில், பேருந்து வழிகளும் நடைவழிகளும் கிடைக்கமாட்டா. ஆகவே விமான நிலையத்திலிருந்து விடுதி வரையிலான முழு வழியையும், எந்த ரயில், எந்தத் திசை, எங்கு மாறுவது, எந்த வாயிலில் வெளியேறுவது என்பது வரை, திரைப்பிடிப்புகளாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் குடியிருப்பில் தங்குபவர்கள் கதவின் எண்குறியீடு வந்த செய்தியையும் அவ்வாறே எடுத்து வையுங்கள்.

4. முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு சிறிய பை

பெரிய பெட்டியை விடுதியின் பொருள் காப்பகத்தில் விட்டுவிட்டால் மாலை வரை அதைத் திறக்க முடியாது. எனவே அறை கிடைக்கும் வரை தேவைப்படுபவை தனிப் பையில் இருக்க வேண்டும்: அன்றாட மருந்துகள், ஒரு மாற்றுச் சட்டை, பற்பசை, சார்ஜர், அந்த நாட்டுக்கேற்ற மின்பொருத்தி, குடை, மெல்லிய மேலாடை. பவர் பேங்க் எப்படியும் இதில்தான் இருக்கும், ஏனெனில் அதை விமானத்தின் சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

இருவருக்கும் சேர்த்து ஒரே பை போதும் என்று எண்ணாதீர்கள். ஒருவர் ஓய்வெடுக்க விரும்பி மற்றவர் வெளியே செல்ல விரும்பினால், ஒற்றைப் பை இருவரையும் கட்டிப்போடும். இன்னொன்று: பெட்டிகளைச் சரக்கில் அனுப்புபவர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் இருவரின் துணிகளையும் கலந்து அடுக்கினால், ஒரு பெட்டி வந்து சேராமல் போனாலும் இருவருக்கும் மாற்றுடை இருக்கும்.

5. வந்திறங்கிய நிலையத்தை விட்டு வெளியேறும் முன்

பெட்டி கைக்கு வந்தவுடன் வாசலை நோக்கி நடக்கத் தோன்றும். நடக்க வேண்டாம். நிலையத்துக்குள் கழிப்பறை, வைஃபை, இருக்கை, சீருடை அணிந்த பணியாளர்கள் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன; கதவைத் தாண்டியதும் இவற்றில் ஒன்றும் உறுதியில்லை. ஓர் ஓரமாகப் பெட்டிகளை வைத்து ஒருவர் அமர, மற்றவர் முதலில் கழிப்பறைக்குச் சென்று வரட்டும், பிறகு மாறிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடியுங்கள். பிறகு இணையம். இருவர் கைப்பேசியிலும் இணையம் கிடைக்கிறது என்பதை ஒருவருக்கொருவர் ஒரு செய்தி அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒருவரின் இணையத்தை மற்றவர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு சேர்ந்திருக்கும் வரையில் சிக்கனம். பிரிந்த கணத்தில், அதாவது மிகவும் தேவைப்படும் கணத்தில், பயனற்றது.

அடுத்தது கைப்பணம். நிலையத்திலுள்ள பணமாற்றுக் கடைகளின் விலை பொதுவாக உங்களுக்குச் சாதகமாக இராது. ஒரு வங்கியின் ஏடிஎம்மில் ஓரிரு நாள்களுக்குத் தேவையான சிறிய தொகையை மட்டும் எடுங்கள். தொகையை உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னதைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விலையை நிர்ணயிப்பது உங்கள் வங்கியாக இருக்காது, இயந்திரத்தை நடத்துபவராக இருப்பார். கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே விடைதான்.

எந்த வண்டியில் செல்வது என்று உள்ளேயே முடிவு செய்த பிறகுதான் வெளியே வர வேண்டும். முடிவின்றி வாசலில் நின்று சுற்றும்முற்றும் பார்ப்பவர்களைத்தான் தரகர்கள் அணுகுகிறார்கள். தானாக அருகில் வந்து டாக்சி வேண்டுமா என்று கேட்பவரிடம் நின்று பேச வேண்டாம். அதிகாரப்பூர்வ வரிசையோ செயலியோ மட்டுமே.

6. தங்குமிடத்துக்குச் செல்லுதல்

ரயிலா டாக்சியா என்பதை விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இருவராக இருப்பதால் டாக்சிக் கட்டணம் ஆளுக்குப் பாதியாகிறது. ரயில் கட்டணமோ ஆளுக்கு அப்படியே இருக்கிறது. பெட்டிகளின் எண்ணிக்கை, மாற வேண்டிய ரயில்கள், இறங்கும் நிலையத்திலிருந்து நடை, அந்நேரம் அலுவலக நெரிசல் உள்ளதா என்பவற்றைச் சேர்த்துப் பாருங்கள். மாறாமல் செல்லும் ரயில் இருந்து, இறங்கிய பின் பத்து நிமிடத்துக்குள் நடை என்றால் ரயிலே சிறந்தது, ஏனெனில் அதன் நேரம் நெரிசலால் பாதிக்கப்படாது. இரண்டு முறை மாற வேண்டும் என்றால், பகல் வெளிச்சத்திலும்கூட, டாக்சியை எடுங்கள். தெரியாத நிலையத்தில் பெட்டிகளோடு தளம் மாறுவது முதல் நாளின் பொறுமை முழுவதையும் தின்றுவிடும்.

பெரிய நிலையங்களில் எந்த வாயிலில் வெளியேறுகிறோம் என்பது மிகவும் முக்கியம். டோக்கியோவின் ஷிஞ்சுகு நிலையத்தில் 200-க்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ளன. தவறான ஒன்றில் ஏறி வந்தால் சரியான இடத்துக்குத் திரும்பி நடக்கவே நெடுநேரமாகும். அவ்வளவு பெரியதாக இல்லாவிட்டாலும், வாயில் எண்ணை முன்கூட்டியே குறித்து வைத்து நிலையத்துக்குள்ளேயே அதைத் தேடிச் செல்வதுதான் முறை. மேலே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் அகன்ற சாலையின் எதிர்ப்புறத்தில் வந்து நிற்கிறார்கள்.

7. அறை தயாராகும் முன்பும் பின்பும்

நேரத்துக்கு முன் வந்துவிட்டால் கவுன்ட்டரில் மூன்றைக் கேளுங்கள்: பதிவு நடைமுறைகளை இப்போதே முடித்துக்கொள்ளலாமா, பெட்டிகளை விட்டுச் செல்லலாமா, அறை முன்னதாகத் தயாரானால் தகவல் சொல்வீர்களா. ஆவண வேலை முடிந்துவிட்டால் மாலையில் சாவியை வாங்கும் வேலை மட்டும் மிஞ்சும். வரவேற்பாளர் இல்லாத குடியிருப்புகளில் பெட்டிகளை விட இடம் இராது. அதற்குரிய லாக்கர் எங்கே என்று ஊரிலிருந்தே பார்த்து வர வேண்டும். ரயில் நிலைய லாக்கர்களில் பெரிய பெட்டி நுழையும் அறைகள் சிலவே இருக்கும், அவை காலையிலேயே நிரம்பிவிடும்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டிகளைத் திறக்காதீர்கள். ஒருவர் வெந்நீர், கழிப்பறை, குளிர்சாதனம் ஆகியவற்றைப் பார்க்க, மற்றவர் கதவின் தாழ்ப்பாள், படுக்கையின் தூய்மை, சாலை இரைச்சல், வைஃபை ஆகியவற்றைப் பார்க்கட்டும். படுக்கை ஒன்றா இரண்டா என்பதும் பதிவின்படி இருக்க வேண்டும். குறை இருந்தால் உடனே சொல்லுங்கள்: பயன்படுத்தாத அறையை மாற்றித் தருவது விடுதிக்கு எளிது. துணிகள் பரப்பப்பட்டு குளியலும் முடிந்த பிறகு கேட்டால் விடை வேறாக இருக்கும்.

8. பகல் தூக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள்

முதல் நாளைக் கெடுப்பதில் இதற்கு இணையான வேறொன்று இல்லை. சற்றே கண்ணயரலாம் என்று பிற்பகலில் படுப்பவர்கள் இரவு 8 மணிக்கு எழுகிறார்கள். பின்னிரவு முழுவதும் விழித்திருந்து மறுநாளையும் இழக்கிறார்கள்.

நேர மண்டலங்களைக் கடந்து வந்தவர்களின் உடற்கடிகாரம் தோராயமாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் நகரும். கிழக்கு நோக்கிப் பறந்தவர்களுக்கு உறக்கத்தை முன்கூட்டியே வரவழைக்க வேண்டியிருப்பதால் சிரமம் கூடுதல். மேற்கு நோக்கிச் சென்றவர்களுக்குச் சற்று நேரம் விழித்திருந்தால் போதும். கடிகாரத்தை நகர்த்துவதில் வலிமையானது வெளிச்சம். நாலைந்து மணி நேர வேறுபாடு வரை, உள்ளூர்ப் பகலில் திறந்த வெளியில் இருந்து உள்ளூர் இரவில் உறங்கினாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

படுத்தே ஆக வேண்டும் என்றால் 20 முதல் 30 நிமிடம் வரை, பிற்பகல் 3 மணிக்கு முன். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழ நேர்ந்து மந்தம் கூடும். இருவரும் ஒரே நேரத்தில் படுக்காதீர்கள். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் கண்ணயர்ந்து, எழுப்பும் பொறுப்பை விழித்திருப்பவர் ஏற்றுக்கொள்ளட்டும். காபியில் உள்ள கஃபீனில் பாதி அளவு உடலிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், பிற்பகலுக்குப் பிறகு அதைக் குடிப்பது அன்றைய இரவைக் கடன் வாங்குவதாகும்.

9. தங்குமிடத்தைச் சுற்றி அரை மணி நேர நடை

குளித்து உடை மாற்றியதும் ஊருக்குள் செல்லாமல், விடுதியைச் சுற்றிப் பத்து நிமிடத் தொலைவுக்குள் நடந்து பாருங்கள். தேட வேண்டியவை: மருந்துக்கடை, தண்ணீர் வாங்கும் கடை, காலையில் சீக்கிரம் திறக்கும் உணவகம், அருகிலுள்ள நிலையத்தின் நுழைவாயில், இரவில் வெளிச்சமாக இருக்கும் பாதை. இரவு 11 மணிக்கு ஒருவருக்குத் தலைவலி வந்தால் இந்த நடையின் பயன் தெரியும்.

செல்லும்போது அவ்வப்போது நின்று, திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும் வழி எதிர்த்திசையிலிருந்து முற்றிலும் வேறாகத் தோன்றும் என்பதே இதற்குக் காரணம். நிலையத்திலிருந்து விடுதிக்கு வரும்போது கைப்பேசியை எடுக்காமல், வழி பார்க்கும் பொறுப்பு இல்லாதவர் முன்னே நடக்கட்டும். அவரால் வந்து சேர முடிந்தால் இந்தப் படி முடிந்தது.

10. போக்குவரத்தில் ஒரு சோதனைப் பயணம்

மறுநாள் காலை அலுவலக நெரிசலில், பின்னால் வரிசை நிற்கும்போது, சீட்டு இயந்திரத்தைப் புரிந்துகொள்ள முயல்வது கொடுமையானது. முதல் நாள் பிற்பகலில், நெரிசலற்ற நேரத்தில், இரண்டு மூன்று நிலையங்கள் மட்டும் சென்று பாருங்கள். மாலையில் செல்லப்போகும் இடத்தின் திசையிலேயே அது அமைந்தால் இன்னும் நல்லது.

கற்க வேண்டியவை சில உண்டு. பலகைகளில் பெரும்பாலும் தடத்தின் கடைசி நிலையத்தின் பெயரே திசையைக் குறிக்கும். நீங்கள் இறங்கும் நிலையத்தின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஒரே தளத்தில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலும் சிலவற்றை விட்டுச் செல்லும் ரயிலும் வரலாம். சில ஊர்களில் ஏறும்போது மட்டும் அட்டையைக் காட்ட வேண்டும், சிலவற்றில் இறங்கும்போதும் காட்ட வேண்டும். தாளில் வாங்கிய சீட்டை ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டிய ஊர்களும் உண்டு. சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்டுபவர்கள் இதை அறியாதவர்களே.

இருவராகச் செல்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, ஒரே அட்டையை இருவரும் ஒருவர்பின் ஒருவராகக் காட்ட முயல்வது. பெரும்பாலான வாயில்களில் ஓர் அட்டை ஒரே நேரத்தில் ஒரு பயணத்தையே குறிக்கும். ஆளுக்கோர் அட்டை வேண்டும். ஏறும்போது காட்டியதையே இறங்கும்போதும் காட்ட வேண்டும். லண்டனில் கைப்பேசியால் நுழைந்து, அதே கணக்கைச் சேர்ந்த வங்கி அட்டையால் வெளியேறினாலும், முடிவுறாத இரண்டு பயணங்களாகக் கருதப்பட்டு அதிகபட்சக் கட்டணம் பிடிக்கப்படும்.

11. பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே தீர்மானியுங்கள்

கதவு மூடும்போது ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் இருந்துவிடுவது அரிதன்று. அப்போது இருவரும் மற்றவரைத் தேடி நகர்ந்தால் சந்திக்க வாய்ப்பே இல்லை. விதி ஒன்றுதான்: ரயிலில் இருப்பவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய தளத்திலேயே நிற்க வேண்டும், வெளியே நிற்பவர் அதே தடத்தில், அந்த நிலையத்தில் நிற்கும் அடுத்த ரயிலில் ஏறி அங்கே வர வேண்டும். நிலத்தடியில் கைப்பேசி வேலை செய்யாமல் போகலாம் என்பதால் இது முன்பே பேசப்பட்டிருக்க வேண்டும். சந்தையிலோ கூட்டத்திலோ பிரிந்தால் கடைசியாகச் சேர்ந்து நின்ற இடத்துக்கு இருவரும் திரும்புவது. அரை மணி நேரத்தில் சந்திக்காவிட்டால் விடுதிக்குத் திரும்புவது. அறைக்கு ஒரே சாவிதான் என்றால் வரவேற்பிலேயே இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

12. மாலைக்கு ஒரே ஓர் இடம்

அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன்: திறந்த வெளியாக இருக்க வேண்டும், நேரம் குறித்த நுழைவுச்சீட்டு இருக்கக் கூடாது, எந்நேரமும் எழுந்து திரும்பும் வசதி வேண்டும். ஆற்றங்கரை, பூங்கா, கடற்கரை நடைபாதை, பழைய நகரச் சதுக்கம் போன்றவை பொருந்தும். விமானம் தாமதித்தாலோ ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனாலோ முன்பதிவுச் சீட்டின் பணம் வீணாகும். பணம் வீணாகக் கூடாது என்று களைப்போடு இழுத்துக்கொண்டு செல்வது அதைவிடக் கேடு. அருங்காட்சியகங்களை முதல் நாள் தொடவே வேண்டாம். உறக்கமற்ற கண்களுக்கு மூன்றாவது கூடத்துக்குப் பிறகு எல்லா ஓவியமும் ஒன்றுதான்.

உயரமான கோபுரங்களின் உச்சிக்கு முதல் நாளே செல்லச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஊரின் அமைப்பு புரியும் என்பது அவர்கள் வாதம். வரிசை நீளமாக இருக்கும் என்பதால் இரண்டாம் நாள் காலையே அதற்கு ஏற்றது.

நடைத்தொலைவைக் கணக்கிடுவதில் தாராளமாக இருங்கள். செயலிகள் சொல்லும் நேரம் நில்லாமல் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவில் நடப்பவருக்கானது. இருவராகப் பேசிக்கொண்டு, படமெடுத்து, கடை பார்த்து நடக்கும்போது அதில் பாதியளவு கூடுதலாகும்.

பசிக்கும் முன் உண்ணுங்கள். எங்கே உண்பது என்ற முடிவைப் பசித்த பிறகு எடுக்க நேர்வதைத் தவிர்க்க, மாலை இடத்துக்கு அருகிலேயே இரண்டு உணவகங்களைக் காலையிலேயே குறித்து வைத்தால் போதும். ஒருவர் இரண்டைச் சொல்ல, மற்றவர் அதில் ஒன்றைத் தேர்வது எளிய முறை. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற விடை ஏற்கப்படாது.

களைப்பு இருவருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருவர் துவண்டு மற்றவர் உற்சாகமாக இருந்தால் துவண்டவரின் அளவுக்கே அன்றைய நாள் நடக்க வேண்டும். அல்லது, தனியே நடமாடுவது இருவருக்கும் ஏற்புடையதாகவும் பாதுகாப்பாகவும் இருந்தால், ஒருவர் அறைக்குத் திரும்ப மற்றவர் குறித்த நேரம் வரை வெளியே இருக்கலாம். இதை வருத்தமாகக் கொள்ளாமல் ஏற்கும் பழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட்டால் மீதி நாள்கள் எளிதாகும்.

13. இரவு, உறங்கும் முன்

கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைப் புறப்படும்போதே பார்த்து, அதற்கு ஒரு மணி நேரமாவது முன்பே திரும்பிவிடுங்கள். அறையில் செய்ய வேண்டியவை பத்து நிமிட வேலைதான். இருவரின் கைப்பேசியையும் பவர் பேங்கையும் மின்னேற்றத்தில் போடுங்கள். அன்றைய செலவை எழுதிக் கணக்கை முடியுங்கள். மூன்றாம் நாள் வரை விட்டால் யார் எதற்குத் தந்தார் என்பது இருவர் நினைவிலும் வெவ்வேறாக இருக்கும்.

பிறகு மறுநாளின் முதல் இடம் திறந்திருக்கிறதா என்று அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள். வார விடுமுறை இடத்துக்கிடம் மாறும்: பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை, அதே ஊரின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை. புறப்படும் நேரம், முதல் நிலையம், நாளை வழி பார்ப்பவர் யார் என்பவை பேசப்பட்டதும் விளக்கை அணைக்கலாம். நேர வேறுபாட்டால் பின்னிரவு 3 மணிக்கு விழிப்பு வந்தால் மற்றவரை எழுப்பாமல், கைப்பேசி வெளிச்சத்தையும் தொடாமல், கண்ணை மூடிப் படுத்திருங்கள். உறக்கம் வராவிட்டாலும் உடல் ஓய்வு பெறும். அலாரத்தை ஒரே ஒரு கைப்பேசியில் வைத்து, உள்ளூர் நேரத்துக்குத்தான் வைத்திருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.